உங்கள் தெருக் கிணறு ஏன் கரிக்கிறது?

எர்ணாவூரிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"அம்மா, எனக்கு 24 வயது. பி.இ. சிவில் முடித்து இரண்டு ஆண்டுகளாக ஓர் அடுக்குமாடிக் கட்டுமான இடத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 19,000 ரூபாய். அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. நீரியலிலும் நீர்வள மேலாண்மையிலும் முதுகலை படிக்க ஆசை. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சியில், பிரிட்டனில் ஓராண்டுப் படிப்பு, 30 லட்சம் ஆகும், வீட்டுப் பத்திரத்தை வைத்தால் கடன் கிடைக்கும் என்கிறார்கள். அம்மாவோ, தண்ணீரைப் பற்றிப் படிக்க வீட்டை அடகு வைப்பதா, அரசுத் தேர்வு எழுது என்கிறார். காடு மேடெல்லாம் பெண் பிள்ளை அலைய வேண்டியிருக்குமே என்ற பயமும் அவருக்கு உண்டு. இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா? இங்கே படிப்பதா, வெளிநாடா? எனக்குக் கணிதம் சுமார்தான். மூன்றாம் பருவக் கணிதத்தில் அரியர் வைத்துத்தான் தேறினேன். அது தடையாகுமா?

பின்குறிப்பு: பாட்டி காலத்தில் எங்கள் தெருக் கிணற்றில் குடித்திருக்கிறார்கள். இப்போது பாத்திரம் கழுவக்கூட முடியாது, அப்படிக் கரிக்கிறது. இரண்டு தெரு தள்ளி ஓர் உறைகிணற்றில் இன்றும் நல்ல தண்ணீர். இது எப்படி?"

பின்குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலத்தடி நீரை அளந்து சம்பளம் வாங்கியவளின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

கடலோர மணலுக்கடியில் மழைநீர் கடல்நீரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு கனம் கூட. இந்தச் சிறு வித்தியாசத்துக்குள் பெரிய கணக்கு இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், அது கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழம் வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு அந்த ஒரு மீட்டரில் அரை மீட்டரை இழுத்துவிட்டால், கீழே இருக்கும் உப்பு எல்லை காலப்போக்கில் இருபது மீட்டர் மேலேறும். மேலே முழம் குறைந்தால் கீழே பனைமரம் ஏறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்பவரும், 1901-ல் ஹெர்ஸ்பர்க் என்பவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே இதைக் கண்டு எழுதினார்கள். நிஜத்தில் உப்பும் நன்னீரும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்து நிற்பதில்லை, நடுவில் ஒரு கலவைப் பட்டை உண்டு. ஆனாலும் முதல் கணக்கு இதுதான்.

உங்கள் ஊர் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் நாடா. இரண்டு பக்கமும் உப்பு. எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடல் ஏற்றம் கால்வாய்க்குள்ளும் வருகிறது. இப்படிப்பட்ட நாடாவில், பெய்த மழை மட்டுமே ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கும். பாட்டி குடித்தது அந்த வில்லையை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் உறைகிணறு ஆழமில்லாதது, வாளி போட்டு இறைப்பது, ஆகவே இன்றும் அந்த வில்லையின் மேல்பகுதியை மட்டும் தொடுகிறது என்பது என் முதல் ஊகம். உங்கள் கிணற்றருகே யாரோ ஆழ்துளை போட்டு மோட்டாரில் இழுக்கிறார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது ஊகம் கொஞ்சம் சங்கடமானது: அந்த 'நல்ல தண்ணீர்' உடைந்த குடிநீர்க் குழாயிலிருந்தோ, சாக்கடையிலிருந்தோ கசிந்து வருவதாகவும் இருக்கலாம். சுவை நன்றாக இருப்பதால் மட்டும் தண்ணீர் நல்லதாகிவிடாது. 2013-ல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய்க் கசிவால் ஆழ்துளைக் கிணற்றில் பெட்ரோலியம் வந்ததை உங்கள் அப்பா நினைவு வைத்திருப்பார்.

மூன்றில் எது என்று அளந்தால்தான் சொல்ல முடியும். எப்படி அளப்பது என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு இதைச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு எந்த நாடு, எந்தக் கல்லூரி என்பதெல்லாம் இரண்டாவது. எந்தத் தண்ணீர் என்பது முதலாவது. அதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்கிறவர்கள் மிகவும் குறைவு. பணியிலிருந்த காலத்தில் நேர்முகக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். 'நீர்தான் வாழ்வின் ஆதாரம்' என்று ஆரம்பிக்கும் பையன்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். 'எங்கள் தெருக் கிணறு கரிக்கிறது, அடுத்த தெருக் கிணறு கரிக்கவில்லை' என்று ஆரம்பித்த ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

இனி, எந்தத் தண்ணீர். நீரியல் என்பது மழை எங்கே போனது என்ற கணக்கு. ஆற்றில் எவ்வளவு, மண்ணுக்குள் எவ்வளவு, ஆவியாகி எவ்வளவு. அதற்குள் மேற்பரப்பு நீர் ஒரு கிளை, நிலத்தடி நீர் இன்னொரு கிளை. நீர்வளப் பொறியியல் அணை, வாய்க்கால், வெள்ள வடிகால் பக்கம் போகும். நீர்வள மேலாண்மை என்பது பங்கீடு, சட்டம், விலை, யாருக்கு எவ்வளவு என்ற பஞ்சாயத்து. ஒரே கடிதத்தில் நீங்கள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். விண்ணப்பத்திலும் அப்படி எழுதினால், எதுவுமே தெரியாதவர் என்றுதான் படிப்பவர் நினைப்பார். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் நடத்தி வந்திருக்கும் நீர்க்கொள்கைப் படிப்பும், ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் நீரியல் துறை நடத்தும் எம்.டெக்.கும் பெயரில் உறவினர்கள்; உள்ளே போனால் வேறு வேறு வீடு.

உங்கள் கேள்வி நிலத்தடி நீர்க் கேள்வி. அதுவும் உவர்நீர் ஊடுருவல். இதற்கு உலகத்திலேயே பேர்போன பாடசாலைகளில் ஒன்று உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிறது. 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் புதைந்து கிடந்த பழைய ஆற்று மணலில் நிறைய நல்ல தண்ணீர் இருப்பதாகச் சொன்னார்கள். இருந்தது. நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் கிணறுகள் போட்டு இழுத்தார்கள். விவசாயிகளும் இழுத்தார்கள். 1969-ல் கடல் உப்பு உள்ளே வந்த தூரம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பின்னால் வந்த ஆய்வுகள் அதைப் பத்துக்கு மேல் வைக்கின்றன. 1987-ல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்றே நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் வந்தது. 2010-ல் அதே கரையில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவோடு திறக்கப்பட்டது. உங்கள் வீட்டு அடிபம்பில் வரும் குடிநீர் வாரியத் தண்ணீரில் அதுவும் கலந்திருக்கக்கூடும். யோசித்துப் பாருங்கள், நிலத்துக்குள் கடலை வரவழைத்துவிட்டு, அதே கடலைச் சுத்திகரித்துக் குடிக்கிறோம். இதைப் படிக்க முனைகிற ஒருவர் 30 லட்சம் கட்டிப் பிரிட்டனுக்குப் போக வேண்டுமென்று ஏஜென்சிக்காரர் சொன்னால், அவருக்கு என்ன கமிஷன் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

அந்தக் கடனைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். முப்பது லட்சம், ஆண்டு வட்டி பத்தரை சதவீதம், பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 40,500 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. இந்தியாவுக்குத் திரும்பி வந்தால் இந்தத் துறையில் முதல் வேலையில் அந்தத் தொகையைச் சம்பளமாகப் பார்ப்பதே பலருக்குக் கஷ்டம். அங்கேயே தங்கி வேலை தேடிக்கொள்ளலாம் என்பது ஒரு நம்பிக்கை. அதை நம்பிப் பத்திரத்தை நீட்டக் கூடாது. அப்பா டிரெய்லர் ஓட்டிக் கட்டிய வீடு. இதில் நான் உங்கள் அம்மா பக்கம்.

வெளிநாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. சொந்தப் பணத்தில் போகாதீர்கள் என்கிறேன். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரில் 1957 முதல் நீருக்கென்றே ஒரு கல்வி நிறுவனம் நடக்கிறது, ஐ.எச்.இ. டெல்ஃப்ட். அங்கே படிக்க வருபவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளிலிருந்துதான். உதவித்தொகை இல்லாமல் போவது செலவு, ஆனால் உதவித்தொகைகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் நீர் சார்ந்த கூட்டுப் படிப்புகள் நடப்பது வழக்கம். தேர்வானால் கட்டணமும் மாதச் செலவும் அவர்களே தருகிறார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. டிரெஸ்டனில் இந்தத் துறையில் ஆங்கில வழி முதுகலை இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டிலும் இருக்கிறது, ஆனால் அது இருக்கும் மாநிலம் வெளிநாட்டு மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு ஓராண்டுச் செலவை வங்கிக் கணக்கில் போட்டு முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. அது கட்டணமில்லை, உங்கள் பணம்தான், மாதாமாதம் திரும்ப வரும். இந்தியர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் (உங்கள் பட்டத்தைச் சரிபார்த்துத் தருவது) வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கா என்றால் ஒரே விதி: ஆராய்ச்சி உதவியாளர் இடம் தருகிற பேராசிரியர் கிடைத்தால் போங்கள், இல்லையென்றால் போகாதீர்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினரோடு நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கும் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். ஏஜென்சிகள் இவற்றைச் சொல்வதில்லை, இவற்றில் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

உள்ளூரில் எனக்குப் பட்ட முதல் வாசல் கிண்டி. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் நீர்வள மையம் இருக்கிறது. நீரியல், நீர்வளம், பாசனம் சார்ந்து எம்.இ. படிப்புகள் நடக்கின்றன. நுழைவுத்தேர்வின் பெயர் சீட்டா (CEETA-PG). பொறியியல் பட்டதாரிகளுக்கான அகில இந்தியத் தேர்வான கேட் (GATE) மதிப்பெண் இருந்தால் இன்னும் நல்லது. விம்கோ நகரில் மெட்ரோ ரயில் ஏறினால் வண்டி மாறாமல் சைதாப்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம், விடுதிச் செலவும் இல்லை. நான் படித்த காலத்தில் திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு இரண்டு பஸ், ஒரு ரயில், மீதி நடை. உங்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

கேட் நன்றாக எழுதினால் சென்னை ஐ.ஐ.டி., ரூர்க்கி எல்லாம் திறக்கும். கேட் தகுதியோடு சேர்ந்தால் எம்.டெக். படிக்கும் மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவுதான், ஆனால் அது கடனல்ல. ரூர்க்கியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அங்கே நீரியலுக்கென்றே 1972-ல் தொடங்கிய துறை இருக்கிறது, அதே ஊரில் தேசிய நீரியல் நிறுவனமும் இருக்கிறது. குளிர் காலத்தில் தமிழ்ப் பெண்ணுக்கு ரூர்க்கி ஒரு தண்டனை, அதற்கு மட்டும் தயாராகப் போங்கள்.

வேலையைப் பற்றி. இங்கே ஒரு கசப்பான விஷயம் இருக்கிறது, அதை முதலில் விழுங்கிவிடுங்கள். அம்மா சொல்லும் அரசு வேலைகளில் பலவற்றுக்கு இந்த முதுகலை தேவையே இல்லை. மாநில நீர்வளத் துறை, குடிநீர் வடிகால் வாரியம் ஆகியவற்றில் உதவிப் பொறியாளர் பணிக்கு உங்கள் பி.இ. போதும். மத்திய நீர் ஆணையத்துக்குப் போகும் இந்தியப் பொறியியல் பணித் தேர்வுக்கும் அதே போதும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானியாக விரும்பினால் கதை வேறு. அதற்கான ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வில் நிலத்தடி நீரியல் பிரிவுக்கு நிலவியல் சார்ந்த முதுகலைதான் கேட்கிறார்கள். சிவில் படித்துவிட்டு நீர்வளத்தில் எம்.இ. வாங்கியவர்கள் அங்கே வாசலிலேயே நிற்க நேரும். ஆகவே அந்த வேலைதான் லட்சியமென்றால், எந்தப் படிப்பிலும் சேரும் முன்பே அந்தத் தேர்வின் அறிவிப்பை எடுத்துக் கல்வித்தகுதிப் பத்தியை வரி வரியாகப் படியுங்கள். படிப்பை முடித்துவிட்டு அதைப் படித்தவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

தனியார் பக்கம் வெள்ள மாதிரியாக்கம், வடிகால் வடிவமைப்பு, தொழிற்சாலைகளின் நிலத்தடி நீர் அறிக்கை என்று வேலைகள் இருக்கின்றன. 2015 வெள்ளத்துக்கும் 2019 வறட்சிக்கும் பிறகு சென்னையில் அவை கூடியிருக்கின்றன. ஆராய்ச்சித் திட்டங்களில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். பெரிய பணம் இந்தத் துறையில் இல்லை. அது வேண்டுமென்றால் மென்பொருள் பக்கம் போய்விடுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அம்மாவின் இன்னொரு பயத்துக்கு நான் சாட்சி. பணியில் சேர்ந்த புதிதில் களத்துக்குப் போகும் ஜீப்பில் பல நாள் நான் ஒருத்திதான் பெண். கஷ்டம் பாம்போ இரவோ அல்ல, கழிப்பறை. அதற்காகவே காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்பி, தண்ணீரை அளக்கப் போய், சிறுநீரகத் தொற்றோடு திரும்பிய நாட்கள் உண்டு. அந்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள். போகும் கிராமத்தில் முதலில் ஒரு வீட்டுப் பெண்மணியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையும் கிடைக்கும், ஊரில் எந்தக் கிணறு எப்போது வற்றும் என்ற விவரமும் கிடைக்கும். குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் அது தெரியும். இன்றைக்கு வேலையின் பெரும்பகுதி கணினிக்கு முன்னால் நடக்கிறது என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். கட்டுமான இடத்தில் இரண்டு ஆண்டு மேஸ்திரிகளோடு மல்லுக்கு நின்ற பெண் நீங்கள். அதைவிடக் களம் ஒன்றும் மோசமில்லை.

இப்போது அந்த அரியர். உங்களைப் பயமுறுத்தவும் வேண்டும், சமாதானப்படுத்தவும் வேண்டும், இரண்டையும் செய்கிறேன். நீங்கள் அரியர் வைத்த மூன்றாம் பருவக் கணிதத்தில் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள் வரும். வெப்பம் ஓர் இரும்புத் தகட்டில் எப்படிப் பரவுகிறது என்ற சமன்பாடு நினைவிருக்கிறதா? அதேதான் நிலத்தடி நீரின் சமன்பாடும். வெப்பநிலை இருக்கும் இடத்தில் நீர்மட்டத்தைப் போடுங்கள், முடிந்தது. ஆக, தப்பித்து ஓட வழியில்லை, அந்தப் பாடத்தின் நடுவீட்டுக்குத்தான் குடிபோகப் போகிறீர்கள்.

ஆனால் இதைக் கேளுங்கள். கிணற்றில் நீர் இறைத்தால் சுற்றிலும் நீர்மட்டம் நேரத்தோடு எப்படி இறங்கும் என்பதற்கு 1935-ல் விடை கண்டவர் சார்லஸ் தைஸ் என்ற அமெரிக்கர். முதல் பட்டம் உங்களைப் போலவே சிவில். பிறகு நிலவியலில் ஆய்வுப் பட்டம். கிணற்றைச் சுற்றி நடப்பது வெப்பம் பரவுவது போலத்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, கணிதம்தான் கைக்கு வரவில்லை. லூபின் என்ற கணிதக்கார நண்பருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். லூபின் விடையை அனுப்பிவிட்டு, கணிதத்தில் இது பெரிய விஷயமில்லை என்று கட்டுரையில் தன் பெயரைச் சேர்க்கவும் வேண்டாம் என்றுவிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க நிலத்தடி நீர் மாணவர்கள் அந்த விடையைப் படிக்கிறார்கள். எந்தக் கணக்கைக் கேட்க வேண்டும் என்று தைஸுக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவுக்காவது உங்களுக்குக் கணிதம் வேண்டும். ஐ.ஐ.டி.க்களின் இணையப் பாடத் தளமான என்.பி.டெல்.லில் (NPTEL) நிலத்தடி நீரியல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. இரவு ஒரு மணி நேரம், நோட்டும் பேனாவுமாக. பார்த்துக்கொண்டே சாப்பிடுவது கணக்கில் சேராது.

மென்பொருளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும். நிலத்தடி நீருக்கு மாட்ஃப்ளோ, ஆற்று வெள்ளத்துக்கு ஹெக்-ராஸ், வரைபடத்துக்குக் கியூஜிஸ், எல்லாம் இலவசம். யாராவது 'சான்றிதழ்ப் பயிற்சி' என்று முப்பதாயிரம் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கணினி மாதிரி எவ்வளவு அழகாக ஓடினாலும் உள்ளே போடும் அளவை தப்பாக இருந்தால் எல்லாம் தப்பு. இதை நான் கற்றது மீஞ்சூருக்கு வடக்கே ஒரு வயல்காட்டில். ஒரு கிணற்றில் இரவு முழுக்கப் பம்ப் செய்து, பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் இறங்குவதை அளந்துகொண்டிருந்தோம். முதலில் நிமிடத்துக்கு ஒரு தடவை, பிறகு ஐந்து, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. நள்ளிரவு வரை வளைகோடு பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் வந்தது. பிறகு திடீரென்று செங்குத்தாக இறங்கியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நிலத்துக்கடியில் நீர் புகாத எல்லை ஒன்று இருந்தால் கோடு அப்படித்தான் இறங்கும். அறிக்கையில் அந்த எல்லை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றுகூடக் கணக்குப் போட்டு எழுதிவிட்டேன். மேலதிகாரி படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அந்த ஊருக்கு மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும்?" போய் விசாரித்தேன். நள்ளிரவு. கரண்ட் வந்ததும் சுற்றியிருந்த வயல்களில் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கியிருக்கின்றன. நான் கண்டுபிடித்த நிலவியல் எல்லை, மின்வாரியத்தின் நேர அட்டவணை.

ஆகவே உங்களுக்கு நான் தரும் முதல் வேலை விண்ணப்பமல்ல, நோட்டு. ஆடியில் தொடங்குங்கள், தை வரை வாரம் ஒரு நாள். ஞாயிறு காலை, மோட்டார் போடும் முன். கரிக்கும் கிணறு, நல்ல கிணறு, கால்வாய்ப் பக்கம் ஒன்று, மூன்று போதும். நமக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. வில்லை எப்படித் தடிக்கிறது, எவ்வளவு நாளில் கரைகிறது என்று அந்த ஆறு மாதம் காட்டிக்கொடுத்துவிடும். வெளிநாட்டு விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும், கேட் தேர்வு பிப்ரவரியில். கையில் நோட்டோடு அந்த மாதங்களுக்குள் போவீர்கள். நோக்கக் கடிதம் எழுத ஏஜென்சிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்காது, பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் வைக்க ஒரு வரைபடமும் இருக்கும்.

தேவையானவை: கட்டுமான இடத்தில் இருப்பதுபோல் ஓர் இரும்பு டேப், நீலச் சாக்குக்கட்டி, மின்கடத்துத்திறன் (தண்ணீரில் உப்பு கூடக் கூட இதுவும் கூடும்) அளக்கும் பேனா வடிவக் கருவி. கருவி இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். 20,000 மைக்ரோசீமன்ஸ் வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள், உங்கள் ஊருக்குச் சின்ன அளவுகோல் போதாது. கடல்நீரே 50,000 பக்கம் வரும். கூடவே 1,413 என்று எழுதிய அளவுத்திருத்தக் கரைசல் ஒரு பாட்டில். மாதம் ஒரு முறை கருவியை அதில் நனைத்துப் பாருங்கள். 1,413 காட்டவில்லையென்றால் கருவி பொய் சொல்லத் தொடங்கிவிட்டது, திருத்துங்கள்.

டேப்பின் நுனியில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாக்குக்கட்டியைப் பூசிக் கிணற்றில் இறக்குங்கள். நுனி தண்ணீருக்குள் போனபின், மேலே ஒரு முழு மீட்டர் கோடு அளவுப் புள்ளியோடு பொருந்தும்படி பிடியுங்கள். அந்த எண்ணை எழுதிக்கொண்டு இழுங்கள். சாக்குக்கட்டி நனைந்த இடம் கருநீலமாக மாறியிருக்கும். முதல் எண்ணிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம். இரண்டு முறை அளந்து, வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் மூன்றாவது முறை. மின்கடத்துத்திறனுக்கு வாளியை நிறைத்து ஒரு முறை கொட்டிவிட்டு, இரண்டாவது வாளியில் பாருங்கள். நேரம், யார் வீட்டில் மோட்டார் ஓடுகிறது, முந்தின நாள் மழை உண்டா, கால்வாயில் தண்ணீர் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அளங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றுக்குள் இறங்காதீர்கள், மூடிக் கிடந்த கிணற்றில் காற்று விஷமாகியிருக்கும்.

அளவுப் புள்ளியைக் கிணற்றின் சுற்றுச்சுவர் விளிம்பில் சிவப்புப் பெயிண்டால் குறித்துவிடுங்கள், ஒவ்வொரு வாரமும் அதே இடத்திலிருந்து அளப்பதற்கு. நடுவில் யாராவது சுவரை இடித்து உயர்த்திக் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், கொத்தனார் வேலையைத் தொடங்கும் முன்பே போய்ப் பழைய புள்ளிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.